ஐப்பசி மழைக்கு முன் கொல்லைத் தோட்டம்: கையைக் கடிக்காமல் போட வழி உண்டா?

புரட்டாசி பாதி ஓடிவிட்டது. பகலில் வெயில் சுள்ளென்று அடித்தாலும், சாயங்காலம் கிழக்கே மின்னல் தெரிய ஆரம்பித்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கமாக அக்டோபர் 20-ம் தேதியை ஒட்டித் தொடங்கும். முன்பின்னாக ஒரு வாரம் போகலாம். ஆக, கொல்லையில் மண்வெட்டி போட இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டுத்தோட்டம் பற்றியவை என்பதில் வியப்பில்லை.

கடலூர் மாவட்ட வாசகி ஒருவர் எழுதியிருப்பது: ''வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் இடம் இருக்கிறது. மூன்று வருடமாக நூறு நாள் வேலைக் கூலியில் மிச்சம் பிடித்து விதைப் பாக்கெட், செடி வளர்க்கும் பை, தென்னைநார்க் கழிவு எல்லாம் வாங்கித் தோட்டம் போட்டேன். மூன்று வருடமும் ஐப்பசி மழையில் அழுகிப்போனது. இந்த வருடம் வீட்டுக்காரர் ஒரு பைசா தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நெல் வைத்திருக்கிற வீட்டில் கத்திரிக்காயைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. இருக்கிறதை வைத்துத் தோட்டம் போட வழி உண்டா?''

வழி இருக்கிறது. அவர் வீட்டுக்காரர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. காசை மறித்துவிட்டு முதலில் மண்ணைப் பார்ப்பதுதான் இந்த மாதத்துக்குச் சரி. மூன்று வருடமும் செடி போனதற்கு விதை காரணமில்லை, தண்ணீர் தேங்கியதுதான் காரணம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி இந்த மூன்று மாதத்தில்தான் பெய்கிறது. கடலோர மாவட்டங்களில் பாதிக்கும் மேலேயே பெய்யும். தரைமட்டத்தில் பாத்தி கட்டி, அதில் எவ்வளவு விலை உயர்ந்த விதையைப் போட்டாலும், வேர் இரண்டு நாள் தண்ணீருக்குள் இருந்தால் கதை முடிந்தது. மிளகாயும் பப்பாளியும் முதலில் போகும். தக்காளி அடுத்த நாள் வாடி நிற்கும். பார்ப்பவர்கள் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள்.

எனவே முதல் வேலை மேட்டுப்பாத்தி. மூன்றடி அகலம், அரையடி உயரம். நீளம் இடத்தைப் பொறுத்தது. மூன்றடி என்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு பக்கமும் நின்று கையை நீட்டினால் நடு வரை எட்டும். பாத்திக்குள் கால் வைக்க வேண்டியதில்லை. ஈரமண்ணில் கால் வைத்தால் அந்த இடம் இறுகிவிடும், இறுகிய இடத்தில் தண்ணீர் நிற்கும். பாத்திக்கும் பாத்திக்கும் நடுவில் ஒரு அடிக்கு வாய்க்கால் பறித்து, அந்த மண்ணையே பாத்தியின் மேல் அள்ளிப் போட்டால் வெளியிலிருந்து மண் அடிக்கத் தேவையில்லை. வாய்க்கால்கள் எல்லாம் இடத்தின் தாழ்வான மூலையைப் பார்த்து ஓட வேண்டும். எது தாழ்வான மூலை என்று தெரியாவிட்டால், அடுத்த தூறலின்போது சணல் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் கொல்லையில் நின்றால் தெரிந்துவிடும்.

பாத்தியின் ஓரம் மழையில் கரையாமல் இருக்கச் செங்கல் வாங்க வேண்டாம். பாதியாக உடைந்த ஓடு, தென்னை மட்டை, வாழைத்தண்டு எது கிடைத்தாலும் அணைத்து வைக்கலாம். வாழைத்தண்டு தை மாதத்துக்குள் மக்கி அதே பாத்திக்கு எருவாகிவிடும்.

அந்தத் தாழ்வான மூலையை வீணாக விட வேண்டாம். சேம்பு, பொன்னாங்கண்ணி, வல்லாரை, வள்ளைக்கீரை இவையெல்லாம் ஈரத்தை விரும்புகிறவை. சந்தையில் வாங்கும் பொன்னாங்கண்ணிக் கட்டில் இலையை ஆய்ந்துகொண்டு தண்டை எறிந்துவிடுவது வழக்கம். அந்தத் தண்டில் கணு உள்ள நான்கு விரற்கடைத் துண்டுகளைச் சேற்றில் சாய்த்து ஊன்றினால் ஒரு வாரத்தில் வேர் விடும். ஒரு கட்டுக் கீரையின் விலையில் குழம்பும் ஆயிற்று, தோட்டமும் ஆயிற்று.

இனி எதை விதைப்பது? இங்கேதான் காசு தவறான இடத்துக்குப் போகிறது. கடையில் வண்ணப்படம் போட்ட பாக்கெட்டைப் பார்த்ததும் பீர்க்கு, புடலை, பாகல் எல்லாம் கைக்கு வந்துவிடும். ஆடியில் போட்டிருந்தால் அவை இப்போது பந்தலில் காய்த்துக்கொண்டிருக்கும். இப்போது போட்டால் பூக்கிற நேரத்தில் அடைமழை. மகரந்தம் நனைந்து, வண்டும் தேனீயும் வராமல், பிஞ்சு பழுத்து உதிரும். கொடிக்காய் விதைக்கான காசைத் தைப்பட்டத்துக்கு முடிந்து வைத்துக்கொள்வது நல்லது. வெண்டையும் மார்கழிக் குளிரில் மந்தமாகத்தான் வளரும்.

இப்போது உடனே போட வேண்டியது கீரை. சிறுகீரை 25 நாளில் பிடுங்கலாம். இன்று விதைத்தால் அடைமழை வலுக்கும் நேரத்தில் முதல் அறுவடை வீட்டுக்கு வந்துவிடும். பாத்தி முழுவதும் ஒரே நாளில் தூவாமல், பாதியை இன்றும் மீதியைப் பத்து நாள் கழித்தும் தூவினால் ஒரு மழைக்கு எல்லாமே போகாது. கீரை விதை கடுகைவிடச் சிறியது. ஒரு பங்கு விதைக்கு நான்கைந்து பங்கு மணல் கலந்து தூவினால் அடர்த்தியாக விழாமல் சீராகப் பரவும். அடர்த்தியாக விழுந்த இடத்தில்தான் அழுகல் தொடங்கும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளி எடுத்தால் மறுபடி மறுபடி துளிர்க்கும். முள்ளங்கியும் குளிர்காலப் பயிர்தான், 45 நாளில் கிழங்கு கிடைக்கும். ஆனால் மேட்டுப்பாத்தி இல்லாமல் அதைப் போட வேண்டாம்.

தக்காளி, கத்திரி, மிளகாய் மூன்றும் நாற்று விட்டு நடுகிற பயிர்கள். தக்காளிக்கு 25 நாள், கத்திரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் நாற்று. ஆவணிக் கடைசியில் நாற்று விட்டவர்கள் இப்போது நட்டு, மழைக்குள் வேர் பிடிக்க வைத்துவிடலாம். விடாதவர்கள் அவசரப்பட்டுக் கடையில் நாற்று வாங்கி மழையில் நடுவதைவிட, இப்போது வீட்டு இறவாணத்துக்குக் கீழே நாற்று விட்டு, கார்த்திகையில் மழை இடைவெளி பார்த்து நடுவது புத்திசாலித்தனம். கத்திரியும் மிளகாயும் அந்த நேரத்துக்குச் சரியான வயதில் இருக்கும். தக்காளி விதையை மட்டும் இரண்டு வாரம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம்.

நாற்றுக்குக் குழித்தட்டு வாங்க வேண்டாம். தேங்காய் உடைத்தால் கிடைக்கும் கொட்டாங்கச்சியில் (தென்மாவட்டங்களில் சிரட்டை என்பார்கள்) கண் உள்ள பாதியை எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று கண்ணில் ஒன்று மெலிதாக இருக்கும். ஆணியால் அதைக் குத்தினால் தண்ணீர் வடிய ஓட்டை தயார். அதில் செம்மண், மணல், நன்றாக மக்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பி, இரண்டு விதை ஊன்றி, முளைத்ததும் தேறிய ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். காலை வெயில் படுகிற, மழைச்சாரல் விழாத திண்ணை ஓரமே நாற்றங்கால். ஒரு குடும்பத்துக்குக் கத்திரி ஆறு செடி, தக்காளி பத்து, மிளகாய் ஆறு போதும். அதற்கு 22 கொட்டாங்கச்சி. அக்கம்பக்கத்தில் கேட்டால் ஒரே நாளில் சேர்ந்துவிடும்.

''அரிசி, பருப்பு வைத்திருக்கும் சமையலறை டப்பாவிலேயே விதை இருக்கிறது என்கிறாள் என் மாமியார். எவையெல்லாம் முளைக்கும்?'' என்று கேட்கிறார் வேலூர் மாவட்ட வாசகி.

மாமியார் சொல்வது சரி. வெந்தயம் கட்டாயம் முளைக்கும். மூன்று நான்கு நாளில் தலை காட்டி, மூன்று வாரத்தில் கீரையாகும். கடுகையும் கீரைக்காகத் தூவலாம். தட்டைப்பயறு முளைத்து, செடியாகிக் காயும் தரும். மொச்சையும் அவரையும் முளைக்கும், ஆனால் காலம் தப்பிவிட்டது. பந்தல் அவரை பகல் பொழுது குறையும்போது பூக்கிற ஜாதி. ஆடியில் போட்டால் கொடி நன்றாகப் படர்ந்த பிறகு பூக்கும். இப்போது போட்டால் கொடி வளராமலே பூத்துவிடும், நான்கு காய் காய்த்து நின்றுவிடும். செடி அவரை என்றால் அந்தத் தொல்லை இல்லை.

கொத்தமல்லியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தனியாவை அப்படியே ஊன்றிவிட்டு முளைக்கவில்லை என்று எழுதுகிறார்கள். ஒரு தனியா உருண்டைக்குள் இரண்டு விதை இருக்கிறது. அதைத் தரையில் போட்டுக் கட்டையால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைக்க வேண்டும். நசுங்கக் கூடாது. பிறகு 12 மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து விதைக்க வேண்டும். முளைக்கப் பத்து நாளுக்கு மேலும் ஆகலாம், பொறுமை வேண்டும். அடைமழையில் கொத்தமல்லி அழுகிவிடும். எனவே கார்த்திகையில் மழை தணிந்த பின் விதைத்தால், மார்கழிப் பனியில் நன்றாக வரும். மழை முடியும் நேரத்தில் கொத்தமல்லி விலை எப்படி ஏறும் என்பது சந்தைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

டப்பாவில் எத்தனை நாளாக இருக்கிறதோ என்ற சந்தேகம் இருந்தால், பாத்தியை வீணாக்காமல் சோதித்துவிடலாம். எந்த விதையாக இருந்தாலும் பத்து எண்ணி எடுத்து, ஈரத்துணியில் சுருட்டி, ஒரு கிண்ணத்தில் மூடி வைக்க வேண்டும். துணி காயாமல் தண்ணீர் தெளித்து வந்தால், ஒரு வாரத்தில் எத்தனை முளைத்தது என்று தெரிந்துவிடும். எட்டு முளைத்தால் கவலையில்லை. ஐந்து முளைத்தால் விதையை இரட்டிப்பாகப் போட வேண்டும். இரண்டு மூன்றுதான் என்றால் அது குழம்புக்குத்தான். கடையில் வாங்கிய பாக்கெட்டுக்கும் இதே சோதனையைச் செய்யலாம். பாக்கெட்டின் பின்பக்கம் பரிசோதனைத் தேதியும் காலாவதித் தேதியும் அச்சிட்டிருக்கும். வாங்கும்போது படத்தைப் பார்ப்பதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும்.

சாம்பாருக்கு வாங்கும் சின்ன வெங்காயத்தில் முளைவிட்டதை எறியாமல் பாத்தி ஓரத்தில் ஊன்றினால் தாள் கிடைக்கும். புதினாத் தண்டில் மேல் இலைகளை விட்டுக் கீழ் இலைகளை ஆய்ந்துவிட்டு ஊன்றினால் வேர்பிடிக்கும். உருளைக்கிழங்கை மட்டும் சமவெளியில் முயன்று பார்க்க வேண்டாம்.

''போன வருடம் வீட்டிலேயே எடுத்து வைத்த சுரை விதையைப் போட்டோம். காய் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கசக்கிறது. உப்புப் போட்டுப் பிழிந்து சமைத்தால் சரியாகிவிடுமா?'' திருச்சி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்.

கூடாது. அந்தக் காயைச் சமைக்கவும் வேண்டாம், மாட்டுக்கும் போட வேண்டாம். சுரை, வெள்ளரி, பூசணி குடும்பத்துக் காய்களில் சில நேரம் குக்கர்பிட்டாசின் என்ற கசப்பு நச்சு கூடிவிடும். வேக வைத்தாலும் பிழிந்தாலும் அது போகாது. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து நம் நாட்டில் உயிரிழப்பே நேர்ந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதை ஆராய ஒரு நிபுணர் குழு அமைத்தது. கசந்தால் துப்பிவிட வேண்டும் என்பதே எல்லோருக்கும் அறிவுரை. சமைக்கும் முன் காம்புப் பக்கத்தில் ஒரு சிறு துண்டை நறுக்கி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடும் பழைய பழக்கம் மிக நல்ல பழக்கம். தெரியாமல் சாப்பிட்டு வாந்தி, வயிற்றுவலி, பேதி வந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஏன் கசந்தது? சுரையில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. வண்டுகள்தான் மகரந்தம் சுமக்கின்றன. வேலியோரத்தில் பேய்ச்சுரை இருந்தால் அதன் மகரந்தம் வீட்டுச் சுரைக்கு வந்துவிடும். அந்த வருடம் காயில் எதுவும் தெரியாது. அதன் விதையைப் போட்ட அடுத்த வருடம்தான் குட்டு வெளிப்படும். பக்கத்தில் பீர்க்கு, பாகல் இருப்பதால் சுரை கெடாது, அவை வேறு இனம். சுரைக்குச் சுரைதான் கலக்கும். இந்தக் கொடியின் விதையை இனி எடுக்க வேண்டாம். கொடியையும் பிடுங்கிவிடலாம்.

இதனால் வீட்டு விதையே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எந்தப் பயிருக்கு வீட்டு விதை, எதற்கு வேண்டாம் என்று பிரித்துக்கொண்டால் போதும். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கிறது. தட்டைப்பயறும் அப்படித்தான். இவற்றின் விதையைத் தைரியமாக எடுக்கலாம். கத்திரி, மிளகாய், வெண்டை ஓரளவு கலக்கும். ஒரே ரகம் மட்டும் தோட்டத்தில் இருந்தால் பிரச்னையில்லை. கொடிக்காய்களுக்கு, அக்கம்பக்கத்தில் வேறு ரகமோ காட்டுக்கொடியோ இல்லை என்று தெரிந்தால் மட்டும். வீரிய ஒட்டு விதையில் வந்த காயிலிருந்து எதையும் எடுக்க வேண்டாம். அடுத்த தலைமுறையில் ஒரு செடி ஒரு மாதிரியும் இன்னொன்று வேறு மாதிரியும் போகும். நாட்டு ரகமோ, பல்கலைக்கழகம் வெளியிட்ட ஒட்டு அல்லாத ரகமோ ஒருமுறை வாங்கினால் அதுதான் கடைசிச் செலவு.

தக்காளி விதை எடுக்க, நன்றாகக் கனிந்த பழத்தைப் பிழிந்து, விதையும் சாறுமாக ஒரு கிண்ணத்தில் ஒன்று இரண்டு நாள் புளிக்க விட வேண்டும். மேலே ஆடை கட்டும். விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பு கழன்றுவிடும். அலசினால் நல்ல விதை அடியில் தங்கும், சொத்தை மிதக்கும். நிழலில் உலர்த்தி, கொஞ்சம் சாம்பல் புரட்டி, காற்றுப் புகாத பாட்டிலில் போட்டுப் பெயரும் மாதமும் எழுதி ஒட்டி வைக்கலாம். பெயர் எழுதாத விதைப் பொட்டலம் எத்தனை வீடுகளில் அடுத்த வருடம் குப்பைக்குப் போகிறது!

''பஞ்சகவ்யா, மீன் அமிலம், மண்புழு உரம் எல்லாம் பாட்டிலிலும் பையிலும் விற்கிறார்கள். எதை வாங்கினால் போதும்?'' என்பது ஈரோடு மாவட்ட வாசகரின் கேள்வி.

மாடோ ஆடோ உள்ள வீடு என்றால் எதுவும் வாங்க வேண்டாம். பஞ்சகவ்யா நல்ல பொருள்தான். ஆனால் நெய், பால், தயிர், வாழைப்பழம் எல்லாம் போட்டுத் தயாரிப்பதை ஒரு சென்ட் கீரைக்குக் காசு கொடுத்து வாங்குவது சிக்கனத்தில் சேராது. நன்றாக மக்கிய தொழு உரமும், பொடித்த ஆட்டுப்புழுக்கையும் கொல்லைத் தோட்டத்துக்குப் போதுமானவை.

'மக்கிய' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பச்சைச் சாணியைப் பாத்தியில் கொட்டினால் சூடு கிளம்பி இளம் வேர் கருகும். வெள்ளைப்புழுவும் கூடவே வரும். எரு மக்கியதா என்று பார்க்கக் கையில் அள்ளிப் பிசைந்தால் போதும். சாணி வாடை இல்லாமல் புதுமழை பெய்த மண் வாசனை வர வேண்டும், பொலபொலவென்று உதிர வேண்டும். குப்பைக்குழியின் மேல்பகுதி மக்காமல் இருந்தாலும் அடிப்பகுதி மக்கியிருக்கும். மேலே இருப்பதை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து வெட்டி எடுக்கலாம். மழை பிடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். பிறகு குழியில் தண்ணீர் நிற்கும், சத்தும் கரைந்து ஓடிவிடும். மிச்சம் இருக்கும் குழியின் மேல் இரண்டு தென்னை ஓலை போட்டு மூடிவிடலாம். விறகடுப்புச் சாம்பல் இருந்தால் பாத்திக்கு ஒன்றிரண்டு கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.

காசு கொடுத்து வாங்கத் தகுந்தது ஒன்று உண்டென்றால் அது டிரைக்கோடெர்மா விரிடி. மழைக்கால நாற்றழுகலையும் வேரழுகலையும் அது மட்டுப்படுத்தும். ஒரு கிலோ மக்கிய எருவுக்கு 50 கிராம் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, நிழலில் சில நாள் வைத்து நாற்று மண்ணில் சேர்க்கலாம். ஒரு கிலோ பாக்கெட் ஒரு வீட்டுக்கு மிக அதிகம். ஐந்தாறு வீடுகள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு டீ செலவுதான். விதைக்கும் அப்படித்தான். வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் மானிய விலையில் காய்கறி விதைத் தளை வரும் சமயங்கள் உண்டு. ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வருவதில் நஷ்டமில்லை.

''பை வாங்குவதற்குப் பதிலாகக் காலி பூச்சிமருந்து கேனை வெட்டிச் செடி வைக்கலாமா? நான்கு முறை கழுவிவிட்டோம்'' என்று தருமபுரி மாவட்டத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள்.

நாற்பது முறை கழுவினாலும் கூடாது. பிளாஸ்டிக்கில் ஊறிய மருந்து சோப்புக்கு வராது. அதில் கீரை வளர்த்துக் குழந்தைக்குக் கொடுப்பதை நினைத்துப் பார்க்கவே முடியாது. அந்தக் கேனில் தண்ணீர் பிடிப்பதும் கூடாது, தானியம் வைப்பதும் கூடாது. ஓட்டை போட்டுப் பயனில்லாமல் செய்துவிட வேண்டும்.

வேறு பாத்திரத்துக்குப் பஞ்சமில்லை. ஒழுகும் பிளாஸ்டிக் குடம், உடைந்த வாளி, எண்ணெய் டின், பழைய தண்ணீர் கேன் எல்லாம் ஆகும். ஓட்டை அடியில் மட்டும் போட்டால் தரையில் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். அடியிலிருந்து ஒரு விரற்கடை மேலே பக்கவாட்டிலும் இரண்டு ஓட்டை வேண்டும். அடியில் தேங்காய் மட்டைத் துண்டு இரண்டைப் போட்டு அதன்மேல் மண் நிரப்பலாம். சிமென்ட் மூட்டைச் சாக்கு ஒரு பருவத்துக்குத் தாங்கும். வெயிலில் நைந்து நூல்நூலாக உதிர ஆரம்பித்ததும் மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பிளாஸ்டிக் துணுக்குகள் மண்ணோடு கலந்துவிடும்.

''கையை வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும், வருடம் முழுவதும் பறிக்க வேண்டும். அப்படி ஏதாவது செடி இருக்கிறதா?'' வயல்வேலைக்கே நேரம் போதாத விழுப்புரம் மாவட்ட வாசகியின் கேள்வி.

முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, சுண்டை, கோவைக்காய், தவசிக்கீரை. இந்த ஆறும் ஒரு வீட்டில் இருந்தால் காய் வாங்காத நாளிலும் குழம்பு நிற்காது. முருங்கை ஏற்கெனவே இருக்கிறது என்றால் மழைக்கு முன் நீண்ட கிளைகளைக் கழித்துவிட வேண்டும். முருங்கைக் கட்டை மெத்தென்று இருப்பதால் ஐப்பசிக் காற்றில் முறிந்து, அடிமரத்தையும் பிளந்துகொண்டு விழும். கழித்த கிளையில் கை மொத்தம் உள்ள மூன்றடித் துண்டுகளை நடலாம். பள்ளத்தில் நட்டால் அழுகும், மேடான இடத்தில் மண் அணைத்து நட வேண்டும். அகத்தி விதையை வேலியோரம் ஊன்றிவிடலாம். கொடிக்கால்களில் வெற்றிலை அகத்தி மேல்தான் ஏறுகிறது. கோவைக்கொடிக்கும் அதையே உயிருள்ள பந்தல்காலாக வைத்துக்கொண்டால் மூங்கில் செலவு மிச்சம்.

தவசிக்கீரைக் குச்சி வெட்டி நட்டாலே வரும். அதைச் சமைத்துத்தான் சாப்பிட வேண்டும். உடம்பு இளைக்கும் என்று நம்பி 1990-களில் தைவானில் இதைப் பச்சையாக அரைத்து நாள்தோறும் குடித்த பலருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. பொரியலாக, கூட்டாக அளவோடு சாப்பிடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

''மழை வந்தால் நத்தை வருகிறது, ஒரே ராத்திரியில் நாற்று மொட்டை'' என்று இரண்டு கடிதங்கள். உப்பைச் செடியைச் சுற்றித் தூவும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. நத்தை சாகும், மண்ணும் சாகும். சாயங்காலம் ஈரச்சாக்கை விரித்து, அதன் அடியில் பப்பாளி இலையோ கோஸ் இலையோ போட்டு வைத்தால் விடிவதற்குள் நத்தைகள் அங்கே கூடிவிடும். பொறுக்கி எடுத்து உப்புத்தண்ணீர் வாளியில் போட்டுப் பிறகு புதைத்துவிடலாம். வெறுங்கையால் தொட வேண்டாம், பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆப்பிரிக்க நத்தை வழியாக மனிதருக்கு நோய் தரும் புழு பரவக்கூடும். பிள்ளைகளை இந்த வேலைக்கு அனுப்பவே கூடாது. மழைக்காலத்தில் செடியின் தண்டை ஒட்டி இலைதழை மூடாக்குப் போடாமல் நான்கு விரல் இடைவெளி விட்டால் நத்தைக்கு ஒளிவிடம் குறையும், தண்டும் அழுகாது.

''மேட்டுப்பாத்தி எங்கள் ஊருக்கும் பொருந்துமா?'' என்று இராமநாதபுரம் மாவட்ட வாசகர் கேட்டிருக்கிறார். ஊருக்கு ஊர் மாறும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் இந்த மழையை நம்பித்தான் மானாவாரியாக விளைகிறது. அங்கே கவலை மழை அதிகமாவதில் இல்லை, விட்டுவிட்டுப் பெய்வதில். தண்ணீர் தேங்காத மணற்பாங்கான கொல்லையென்றால் பாத்தியை நான்கு விரற்கடை தாழ்த்தி, கரை கட்டி, விழும் மழையை அங்கேயே நிறுத்துவதுதான் லாபம். களிமண் கொல்லையென்றால் அங்கேயும் மேடுதான். ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். ஒரு மணி நேரத்தில் வற்றிவிட்டால் பாத்தியைத் தாழ்த்தலாம். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் உயர்த்த வேண்டும்.

கடைசியாக, பூச்சிக்கு மருந்து கேட்டவர்களுக்கு. ஆனி, ஆடியில் பொறுக்கிய வேப்பங்கொட்டை வீட்டில் இருந்தால் அதுவே போதும். ஓட்டை நீக்கிய பருப்பை 50 கிராம் இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊற வைத்து, துணியில் வடிகட்டி, இலையில் ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் சோப்புக் கரைத்துச் சாயங்கால வேளையில் தெளிக்க வேண்டும். ஊற வைத்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் வீரியம் இருக்காது. மழை வரும்போல் இருந்தால் ஊற வைக்கவே வேண்டாம்.